ஆணைக்குக் காத்திருந்த தளபதிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யூகோஸ்லாவியாவை ஆண்ட மார்ஷல் டிட்டோவைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நேரு, நாசர், டிட்டோ மூவரும் இருக்கும் படத்தை என் அப்பா ஏதோ ஒரு பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்தார். அதனால் அந்தப் பெயர் சின்ன வயதிலேயே பழக்கம்.

நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் வேலூர் பக்கம். பல மொழிக்காரர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் உங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதி மனதில் முள்ளாகத் தைத்தது. டிட்டோ செத்துப் பதினோரு வருடத்தில் நாடு உடைந்துவிட்டது என்று நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு பெரிய ராணுவம் இருந்ததே, அதன் தலைமைத் தளபதிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அரசியல்வாதிகள் சண்டை போட்டுக்கொண்டால் ராணுவம் ஆறு மாதத்துக்காவது நாட்டைக் கையில் எடுத்திருக்கக் கூடாதா? ஒரு லட்சத்துக்கு மேல் உயிர்கள் போனதற்கு அது தேவலை இல்லையா? அல்லது, சிலர் சொல்வதுபோல, அது ஆரம்பத்திலிருந்தே செர்பியர்களின் ராணுவம்தானா? தளபதிகளில் ஒருவர்கூடவா மறுத்துப் பேசவில்லை? அவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

குமரேசன்

அன்புள்ள குமரேசன்,

தளபதிகள் சும்மா இருந்துவிட்டார்கள் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள். அவர்கள் சும்மா இருக்கவே இல்லை. 1988 முதல் 1992 வரை நாட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் தலையிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பாதி வரை போய் நின்றார்கள். முழுதாக ஒதுங்கியிருந்தால் ஒரு கதை, முழுதாக இறங்கியிருந்தால் வேறொரு கதை. இவர்கள் செய்தது இரண்டுக்கும் நடுவில், இரண்டையும்விட மோசமானது என்பது என் எண்ணம்.

முதலில் உங்கள் 'செர்பிய ராணுவமா' என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், அது தெளிவானால்தான் மற்றது புரியும். 1991 ஜூனில் போர் தொடங்கியபோது யூகோஸ்லாவிய மக்கள் ராணுவத்தின் உச்சியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பாதுகாப்பு அமைச்சர் ஜெனரல் வெல்கோ காதியெவிச்: குரோஷியாவில் இமோட்ஸ்கி பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், அப்பா செர்பியர், அம்மா குரோஷியர், தன்னை யூகோஸ்லாவியர் என்றே சொல்லிக்கொண்டவர். அவருடைய துணை அமைச்சர் அட்மிரல் ஸ்டானே ப்ரோவெட் ஸ்லோவேனியர். விமானப்படைத் தளபதி குரோஷியர். ஸ்லோவேனியாவையும் குரோஷியாவின் பெரும்பகுதியையும் கவனித்த ஐந்தாம் ராணுவ மண்டலத்தின் தளபதி கொன்ராட் கோல்ஷெக் ஸ்லோவேனியர். தலைமைப் படைத்தலைவர் ப்ளாகொயே அஜிச் மட்டும்தான் ஹெர்சகோவினாவைச் சேர்ந்த செர்பியர். இரண்டாம் உலகப் போரில் அவருடைய குடும்பத்தை குரோஷியப் பாசிஸ்டுகளான உஸ்தாஷாக்கள் கொன்றார்கள். அந்த வடு அவருடைய பேச்சில் எப்போதும் இருந்தது.

மேலே இப்படிக் கலந்திருந்தது தற்செயல் அல்ல. உயர் பதவிகளில் எல்லாக் குடியரசுகளுக்கும் மாகாணங்களுக்கும் விகிதாசார இடம் வேண்டும் என்று 1974 அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கீழே நிலைமை வேறு. அதிகாரிகளில் பாதிக்கு மேல் செர்பியர்கள், மாண்டினீக்ரோக்காரர்களும் தங்கள் மக்கள்தொகைக்கு அதிகமாகவே இருந்தார்கள். இதில் சதி ஒன்றும் இல்லை. லீக்கா, கோர்டூன் போன்ற வறண்ட மலைப்பகுதிகளில் வாழ்ந்த குரோஷியச் செர்பியர்களுக்கு, இரண்டாம் உலகப் போரில் டிட்டோ நடத்திய பார்ட்டிசான் படைதான் பரம்பரைப் பெருமை, ராணுவம்தான் நிலையான சம்பளம். உங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பதுபோல. வசதியான ஸ்லோவேனியாவில் பையன்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டார்கள். ஆக, உச்சியில் யூகோஸ்லாவியா, நடுவில் பெரும்பாலும் செர்பியர்கள், அடியில் எல்லா இனத்திலிருந்தும் கட்டாயச் சேவைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பையன்கள். இந்த மூன்று அடுக்கும் ஒரே ராணுவமாக நின்றது கட்சி என்ற ஒன்றால்தான்.

அந்த ராணுவம் நாம் நினைப்பதுபோல அரசின் ஒரு துறை மட்டும் அல்ல. கம்யூனிஸ்ட் கட்சிக்குள் ஆறு குடியரசுகள், இரண்டு மாகாணங்கள் போலவே ராணுவத்துக்கும் தனிக் கட்சி அமைப்பு உண்டு. கூட்டாட்சி பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்குப் போயிற்று. ஆயுதத் தொழிற்சாலைகள், குடியிருப்புகள், ஓய்வில்லங்கள், சொந்த நீதிமன்றம், சொந்த உளவுத்துறை எல்லாம் இருந்தன. 1990 ஜனவரியில் கட்சி மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர்கள் வெளிநடப்புச் செய்ததோடு கட்சி உடைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஓய்வு பெற்றவர்களும் பணியில் இருந்தவர்களுமாகத் தளபதிகள் சேர்ந்து ஒரு புதுக் கம்யூனிஸ்ட் கட்சியையே தொடங்கினார்கள். அதில் செர்பியாவின் தலைவர் மிலோசெவிச்சின் மனைவியும் இருந்தார். நாடு முழுக்கப் பல கட்சித் தேர்தல் நடந்துகொண்டிருந்த ஆண்டில் பாதுகாப்பு அமைச்சரும் படைத்தலைவரும் கட்சி தொடங்குகிறார்கள்! நீங்கள் ராணுவத்தில் இருந்தவர், இதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

சரி, தலையிட்டார்கள் என்று சொன்னேனே, அதற்கு வருவோம்.

1988 கோடையில் ஸ்லோவேனியத் தலைநகர் லூப்லியானாவில் ராணுவ நீதிமன்றம் நான்கு பேரை ரகசிய ஆவணம் வைத்திருந்ததாக விசாரித்தது. மூவர் 'ம்லாதினா' என்ற வாரப் பத்திரிகையோடு தொடர்புள்ளவர்கள், ஒருவர் ராணுவத்தின் கீழ்நிலை அதிகாரி. அந்தப் பத்திரிகை அதற்கு முன் பாதுகாப்பு அமைச்சர் அட்மிரல் மாமுலாவின் கடற்கரை மாளிகையைப் பற்றியும் எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் விற்றதைப் பற்றியும் எழுதித் தளபதிகளைக் கடுப்பேற்றியிருந்தது. விசாரணை மூடிய அறையில், அதுவும் ஸ்லோவேனிய மொழியில் இல்லாமல் செர்போ-குரோஷிய மொழியில் நடந்தது. அதுவரை தேசிய உணர்ச்சி அவ்வளவாக இல்லாதவர்கள்கூடத் தெருவுக்கு வந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் யானெஸ் யான்ஷா. இரண்டே வருடத்தில் ஸ்லோவேனியாவின் பாதுகாப்பு அமைச்சரானார், 1991இல் இதே ராணுவத்தை எதிர்த்துப் போரை நடத்தினார். தங்கள் எதிரியைத் தளபதிகள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

அடுத்தது 1990 மே. இந்தக் கதையில் எல்லாரும் 1991 மார்ச்சைத்தான் பேசுவார்கள், நான் இதைத்தான் பெரிதாகப் பார்க்கிறேன். 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்ததைப் பார்த்த டிட்டோ, நாளை நமக்கும் இதுதான் என்று ஒவ்வொரு குடியரசுக்கும் உள்ளூர்ப் பாதுகாப்புப் படை ஒன்றை அமைக்க வைத்தார். தொழிற்சாலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் அதில் உறுப்பினர்கள், துப்பாக்கிகள் உள்ளூர்க் கிடங்கில் இருக்கும். 1990 வசந்தத்தில் ஸ்லோவேனியாவிலும் குரோஷியாவிலும் கம்யூனிஸ்டுகள் தேர்தலில் தோற்றார்கள். புது அரசுகள் பதவியேற்பதற்கு முன், அந்தச் சில நாள் இடைவெளியில், மே நடுவில், அந்த ஆயுதங்களையெல்லாம் ராணுவக் கிடங்குகளுக்கு மாற்றும்படி தலைமைப் படைத்தலைவர் ஆணையிட்டார். குரோஷியாவில் ஏறக்குறைய எல்லாம் போயிற்று. ஸ்லோவேனியாவில் பல ஊர்க்காரர்கள் கொடுக்க மறுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அப்போது கூட்டாட்சித் தலைவராக வந்த செர்பியப் பிரதிநிதி போரிசாவ் யோவிச் தன் நாட்குறிப்பைப் பின்னாளில் வெளியிட்டார். ஆணை காகிதத்தில் படைத்தலைவருடையது, உண்மையில் எங்கள் சொற்படி நடந்தது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார்.

மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு அரசைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது பதவியேற்கும் முன் தளபதிகள் அந்த மக்களின் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுகிறார்கள். என் கணக்கில் ராணுவப் புரட்சி அன்றே நடந்துவிட்டது, பேர் மட்டும் வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு குரோஷியத் தாய்க்கு இது நம் ராணுவம் என்று யாராலும் சொல்லிப் புரியவைக்க முடிந்திருக்காது. புது அரசுகள் ஹங்கேரி வழியாகத் திருட்டுத்தனமாக ஆயுதம் வாங்கத் தொடங்கின. ராணுவ உளவுத்துறை அதை ரகசியமாகப் படமெடுத்து 1991 ஜனவரியில் தொலைக்காட்சியில் போட்டது. படத்தில் இருந்தவர் குரோஷியப் பாதுகாப்பு அமைச்சர் மார்ட்டின் ஷ்பெகெல், அதே ஐந்தாம் மண்டலத்தின் முன்னாள் தளபதி!

இப்போது எல்லாரும் பேசும் அந்த 1991 மார்ச். 9ஆம் தேதி தலைநகர் பெல்கிரேடில் மிலோசெவிச்சுக்கு எதிராகப் பெரிய ஆர்ப்பாட்டம். யோவிச் கேட்டுக்கொண்டார் என்று அன்று மாலையே டாங்குகள் தெருவில் இறங்கின. மூன்று நாள் கழித்து, நாட்டின் எட்டுப் பேர் கொண்ட தலைமைக் குழுவை, சட்டப்படி ராணுவத்தின் உச்சத் தலைமை அதுதான், பெல்கிரேடில் ஒரு ராணுவக் கட்டடத்துக்கு வரவழைத்தார்கள். அறை ஒரே குளிர், உறுப்பினர்கள் மேல்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. காதியெவிச் எழுந்து, நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் இருக்கிறது, நெருக்கடி நிலையை அறிவியுங்கள் என்றார்.

ஐந்து ஓட்டு வேண்டும். செர்பியா, மாண்டினீக்ரோ, வொய்வோதினா, கொசோவோ என்று மிலோசெவிச் ஏற்கெனவே தன் பிடியில் வைத்திருந்தவை நான்கு. ஐந்தாவதாகப் போஸ்னியாவின் பிரதிநிதி போகிச் போகிச்செவிச்சை நம்பினார்கள். அவர் பிறப்பால் செர்பியர், கை தூக்காமல் எங்கே போவார் என்று நினைத்தார்கள். அவர் தூக்கவில்லை. "நான் செர்பியன்தான், ஆனால் அது என் தொழில் அல்ல" என்று சொன்னதாகச் சொல்வார்கள். இந்த முழுக் கதையிலும் என் மனதுக்குப் பிடித்தவர் அவர்தான்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில் காதியெவிச் ரகசியமாக மாஸ்கோவுக்குப் பறந்தார். சோவியத் பாதுகாப்பு அமைச்சர் த்மித்ரி யாசோவைப் பார்த்து, நாங்கள் இறங்கினால் மேற்கு நாடுகள் தலையிடுமா, தலையிட்டால் நீங்கள் கூட நிற்பீர்களா என்று கேட்டார். உறுதிமொழி எதுவும் கிடைக்கவில்லை. (அந்த யாசோவே ஆகஸ்டில் கொர்பச்சேவுக்கு எதிரான புரட்சியில் சேர்ந்து மூன்றே நாளில் சிறைக்குப் போனார் என்பது வேறு கதை.) காதியெவிச் திரும்பி வந்த பிறகு யோவிச் ராஜினாமா செய்தார். தலைமைக் குழு செயலிழந்தால் ராணுவத்துக்கு வழி திறந்துவிடும் என்பது கணக்கு. வழி திறந்தது. தளபதிகள் ஓரிரு நாள் யோசித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். யோவிச் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய நாற்காலிக்கு வந்தார். நாடக சபாக்காரர்கள்கூட இவ்வளவு சீக்கிரம் வேடம் மாற்ற மாட்டார்கள்.

இதைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நிதானம் என்று காதியெவிச்சை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சட்டத்தை மதிப்பவர் குழுவின் தீர்ப்பு பாதகமாக வந்ததும் வேறு நாட்டு அமைச்சரிடம் போய்க் கேட்க மாட்டார்.

அப்போதே பிடித்திருந்தால் நாடு பிழைத்திருக்குமா என்கிறீர்கள். 1981 டிசம்பரில் போலந்தில் ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவ ஆட்சி கொண்டுவந்தது அவர்கள் கண்முன் இருந்தது. ஆனால் போலந்து ராணுவம் முழுக்கப் போலந்துக்காரர்கள், பின்னால் சோவியத் யூனியன் நின்றது. இங்கே குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபைக் காவல் காக்கும் டாங்குக்குள் இருக்கும் பையனே ஸாக்ரெப்காரனாக இருக்கலாம். 27 ஜூன் அன்று ஸ்லோவேனியப் படை லூப்லியானா மேல் சுட்டு வீழ்த்திய ராணுவ ஹெலிகாப்டர் ரொட்டி ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் ஸ்லோவேனியர். இந்தப் படையை வைத்துக்கொண்டு தேர்தலில் வென்ற அரசுகளை ஆறு மாதம் அடக்கி ஆள முடியாது. உள்நாட்டுப் போர் மூன்று மாதம் முன்னதாகத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

மே 15 அன்று தலைமைக் குழுவின் தலைவர் பதவி சுழற்சி முறையில் குரோஷியாவின் ஸ்டீபே மெசிச்சுக்கு வந்திருக்க வேண்டும். செர்பியத் தரப்பு தடுத்தது. ஜூன் கடைசி வரை நாட்டுக்குத் தலைவரே இல்லை, ராணுவத்துக்குச் சட்டப்படி ஆணையிடவும் ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் ஜூன் 25 அன்று சுதந்திரம் அறிவித்தன. சிப்பாய் ஆணைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். யாருடைய ஆணை?

ஸ்லோவேனியாவில் நடந்தது பத்து நாள் போர். எல்லைச் சாவடிகளைப் பிடிக்க முதலில் அனுப்பியது ஏறத்தாழ 2,000 பேர். ஊர்வலத்துக்குப் போவதுபோல டாங்குகளை நெடுஞ்சாலையில் ஓட்டிப் போனார்கள், ஸ்லோவேனியர்கள் முன்னும் பின்னும் லாரிகளைக் குறுக்கே நிறுத்தி மறித்துவிட்டார்கள். ராணுவத் தரப்பில் 44 பேர் செத்தார்கள். ஜூலை 2 அன்று சிப்பாய்களின் தாய்மார்கள் பெல்கிரேடில் செர்பிய நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்து பிள்ளைகளைத் திருப்பித் தா என்றார்கள். ஜூலை முதல் வாரத்தில் மிலோசெவிச்சும் யோவிச்சும் காதியெவிச்சிடம், ஸ்லோவேனியாவை விடு, குரோஷியாவில் செர்பியர்கள் வாழும் எல்லையில் படையை நிறுத்து என்று சொன்னார்கள். அவர் செய்தார். 18 ஜூலை அன்று ஸ்லோவேனியாவிலிருந்து வெளியேறும் முடிவு வந்தது. யூகோஸ்லாவியாவின் எல்லையைக் காக்கப் புறப்பட்ட ராணுவம், அந்த எல்லையை விட்டுவிட்டு வேறொரு எல்லையை வரையக் கிளம்பியது. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1993இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் காதியெவிச்சே குரோஷியச் செர்பியர்களைக் காப்பதும், சேர்ந்திருக்க விரும்புகிறவர்களோடு புது யூகோஸ்லாவியா அமைப்பதும் அன்றைய இலக்குகள் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் குரோஷியாவின் வுகோவார் நகரம், 87 நாள் முற்றுகை. ஆள் இல்லை. பெல்கிரேடில் அழைப்பு அனுப்பினால் இளைஞர்கள் நண்பர்கள் வீட்டில் ஒளிந்துகொண்டார்கள். ஒரு ரிசர்வ் சிப்பாய் போர்முனையிலிருந்து கவச வண்டியை ஓட்டிக்கொண்டே வந்து பெல்கிரேடு நாடாளுமன்றத்தின் முன் நிறுத்தினார். ஆள் பற்றாக்குறையைத் தன்னார்வக் கும்பல்களை வைத்து நிரப்பினார்கள். அவர்களோடுதான் கொலையும் கொள்ளையும் ராணுவத்தின் பெயரில் ஏறின. நகரம் விழுந்த இரண்டாம் நாள், நவம்பர் 20, மருத்துவமனையிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டிப்போய் ஓவ்சாரா பண்ணையில் கொன்றார்கள். 1991 அக்டோபரிலிருந்து ராணுவத்துக்கு ஆணையிடத் தலைமைக் குழு என்ற பெயரில் கூடியதும் எட்டில் செர்பியத் தரப்பின் நான்கு பேர்தான்.

போஸ்னியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1992 மே மாதத்தில் ராணுவம் 'வெளியேறியது'. போஸ்னியாவில் பிறந்த சிப்பாய்களை மாதக்கணக்கில் அங்கேயே மாற்றி வைத்திருந்ததால், பெரும்பகுதி ஆட்களும் பீரங்கிகளும் போஸ்னியச் செர்பியத் தளபதி ராத்கோ ம்லாதிச்சின் படையாக அங்கேயே நின்றன. சீருடையில் சின்னம் மட்டும் மாறியது. குரோஷியாவில் அமைதிக்காக வந்த ஐ.நா. படையின் முதல் தளபதி நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் சதீஷ் நம்பியார். உங்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம்.

மறுத்தவர்கள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். விமானப்படைத் தளபதியாக இருந்த குரோஷியர் அந்தோன் தூஸ் 1991இல் விலகிக் குரோஷியப் படைக்குத் தலைமை ஏற்றார். அது பக்கம் மாறுவது, மறுப்பு என்று சொல்ல மாட்டேன். மாண்டினீக்ரோக்காரரான கடற்படை அதிகாரி விளாதிமிர் பாரோவிச், குரோஷியக் கடற்கரை நகரங்களைத் தாக்க மனமில்லாமல் செப்டம்பர் 29 அன்று விஸ் தீவில் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஜெனரல் விளாதிமிர் திரிஃபுனோவிச்சின் கதை. குரோஷியாவின் வராஜ்தினில் அவருடைய படை முற்றுகையில் மாட்டியது. தண்ணீர், மின்சாரம் இல்லை, உதவி வரவில்லை. செப்டம்பர் 22 அன்று கட்டாயச் சேவைப் பையன்களின் உயிரைக் காக்கச் சரணடைந்தார். குரோஷியா அவரைப் போர்க்குற்றவாளி என்று அவர் இல்லாமலேயே தண்டித்தது. பெல்கிரேடு அவரைத் துரோகி என்று விசாரித்து 11 ஆண்டு கொடுத்தது, பிறகுதான் மன்னிப்பு. ஒரு வாரம் கழித்துக் குரோஷியாவின் பியெலோவாரில் வெடிமருந்துக் கிடங்கைத் தன்னோடு சேர்த்துத் தகர்த்த மேஜர் மிலான் தெபிச்சுக்கு மக்கள் வீரர் பட்டம் கொடுத்தார்கள். யூகோஸ்லாவியா கொடுத்த கடைசி வீரர் பட்டம் அது.

கடைசியில் என்ன ஆனார்கள் என்று கேட்டீர்கள். 7 ஜனவரி 1992 அன்று ஐரோப்பியக் கண்காணிப்பாளர்களின் ஹெலிகாப்டரை விமானப்படை சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். மறுநாள் காதியெவிச் உடல்நிலையைக் காரணம் காட்டி விலகினார். மே மாதத்தில் அஜிச்சோடு முப்பதுக்கும் மேற்பட்ட தளபதிகளை மிலோசெவிச் தரப்பு வீட்டுக்கு அனுப்பியது. செர்பியத் தேசியப் படைக்கு இனி அந்தப் பழைய கம்யூனிஸ்டுகள் தேவைப்படவில்லை. ஹேக்கில் இருந்த சர்வதேசப் போர்க்குற்ற நீதிமன்றம், குரோஷியக் கடற்கரை நகரமான துப்ரோவ்னிக்கைத் தாக்கியதற்காகத் தளபதிகள் ஸ்ட்ரூகர், யோகிச் இருவரையும், வுகோவாருக்காக மிர்க்ஷிச் என்ற அதிகாரியையும் தண்டித்தது. மிலோசெவிச் மீதான குரோஷியக் குற்றப்பத்திரிகையில் கூட்டாளிகளாகக் காதியெவிச், அஜிச் பெயர்கள் இருந்தன, ஆனால் அவர்கள் மீது அங்கே தனி வழக்கு வரவில்லை. காதியெவிச் 2001இல் ரஷ்யாவுக்குப் போனார், 2008இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினார், 2014இல் மாஸ்கோவில் இறந்தார். அஜிச் அதற்கு இரண்டு வருடம் முன்பு பெல்கிரேடில்.

ப்ரோவெட், கோல்ஷெக் போன்ற ஸ்லோவேனியத் தளபதிகள் இரண்டு பக்கமும் இல்லாமல் போன கதை தனியாக எழுத வேண்டியது. கோல்ஷெக்கைப் போர் தொடங்கிய சில நாளிலேயே பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அன்புடன்.